சுண்ணாம்புக்கு அடியில் நீலம்

என் ஹாஜா காக்காவுக்கு,

ஸலாம். துஆவெல்லாம் போன வாரமே முத்துப்பேட்டைக்குப் போய், பள்ளிவாசல் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, நீங்கள் படுத்திருக்கிற திசையைப் பார்த்து ஓதிவிட்டேன். இது வேறு. இது சண்டை. நீங்கள் இருந்திருந்தால், "என்ன புள்ள, சலாம் சொல்லும்போதே மூக்கு விடைக்குது?" என்று கேட்டிருப்பீர்கள். ஆமாம், விடைக்கிறது. பாதி உங்கள் மேல், பாதி என் மேல்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் செய்த காரியத்தை ஊருக்குப் பயந்து செய்தேன். அதனால் ஊர் பார்க்கவே சொல்லிவிடுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருஷம். உங்களைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கச்சி நான் இன்னும் உங்கள் தஞ்சாவூர் வீட்டில்தான் இருக்கிறேன். இருக்கிறேன் என்பதுகூட முழுப் பொய். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறுகிறேன்; அங்கே என் வீட்டுக் கதவைத் திறந்ததும் இங்கே எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தது மாதிரி மனசு அடித்துக்கொள்கிறது. மறுநாளே திரும்பிவிடுகிறேன்.

உட்காருவதற்குத்தான் உங்கள் வீட்டில் எத்தனை சாமான்! முடிவெட்டும் கடையிலிருந்து வந்த சுழல் நாற்காலி. இடித்த சினிமாக் கொட்டகையிலிருந்து வந்த இரட்டை சீட்டு, எழுந்தால் படாரென்று மடங்கிக்கொள்ளும். ஒரு கை மட்டும் உள்ள ஈஸிசேர். இன்று காலையிலிருந்து எல்லாவற்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எதிலும் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. இப்போது படகுப் பலகை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே எழுதுகிறேன்.

சும்மா இருக்காத கை எனக்கு, உங்களுக்குத் தெரியாததா? சின்ன வயதில் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரை நகத்தால் சுரண்டிச் சுண்ணாம்பைத் தின்பேன். வாப்பா ஒருநாள் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, "யார் பாத்த வேலை இது?" என்று பிரம்பை எடுத்தார். நீங்கள் அவசரமாகச் சுவரில் வாயைத் தேய்த்து, வெள்ளை மீசையோடு போய் முன்னால் நின்றீர்கள். அடி உங்களுக்கு, வயிற்றுவலி எனக்கு. அந்த வெள்ளை மீசை இந்த ஒரு வாரமாக என் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

சரி, முதலிலிருந்து வருகிறேன்.

பத்தொன்பது வருஷம் சவுதியில் இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னபோது, முத்துப்பேட்டையில் எல்லோரும் மார்பிள் தரையும் கண்ணாடி பால்கனியும் வைத்த மாடி வீட்டை எதிர்பார்த்தார்கள். நானும்தான். டைல்ஸ்கூடப் பார்த்து வைத்திருந்தேன். நீங்கள் தஞ்சாவூர் கீழவாசலில், எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய ஒரு சந்துக்குள், மரத்தூணும் முற்றமுமாக ஒரு பழங்கால வீட்டை வாங்கிவிட்டுப் போன் செய்தீர்கள்.

"காத்து வருமா காக்கா?" என்று கேட்டேன்.

"ஜோரா வருது புள்ள. கூடவே வௌவாலும் வருது" என்றீர்கள்.

அப்புறம் சேர்த்தீர்கள் பாருங்கள், சாமான்! கும்பகோணத்தில் யாராவது வீட்டை இடித்தால் கதவு உங்களுக்கு. திருவாரூரில் இடித்தால் ஜன்னல் உங்களுக்கு. வீட்டில் எட்டுக் கதவு, ஒன்றுக்கு ஒன்று உயரமும் சேராது நிறமும் சேராது. நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்தைத் துணி அலமாரி ஆக்கினீர்கள். ஒரு சட்டை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறித் தலைகீழாகக் குனிய வேண்டும். நெல் அளக்கிற மரக்காலில் துளை போட்டுக் கவிழ்த்து விளக்குக்கு மூடியாகத் தொங்கவிட்டீர்கள். அடுத்த வீட்டு அம்மாவின் கிழிந்த பட்டுப்புடவைகள் திரைச்சீலை. அலையாத்திக் காட்டுப் பக்கம் உடைந்து கிடந்த படகின் பலகைதான் சாப்பாட்டு மேசை. மழை பெய்தால் இன்றைக்கும் அது மீன் வாடை அடிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தலைகள். பொம்மைக் கடையில் உடம்பு உடைந்துபோன தலையாட்டிப் பொம்மைகளின் தலைகளை மட்டும் கேட்டு வாங்கி வந்து, கூடத்து உத்திரத்தில் வரிசையாகக் கம்பியில் மாட்டினீர்கள். ஃபேன் போட்டால் ஏழு தலையும் ஆடும். உருவம் வைத்த வீட்டுக்குள் வானவர்கள் வரமாட்டார்கள் என்று நம்புகிற நம் மாமி, முதல்முறை வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா ஹாஜா, பொம்மைத் தலை தொங்குற வீட்டுக்குள்ள மலக்குமாரு வருவாங்களா?"

"நீங்களே வந்துட்டீங்க மாமி, அவங்களும் வருவாங்க" என்றீர்கள். மாமி சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

சுவர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சண்டையே அதைப் பற்றித்தானே.

பூதலூர் செல்வராஜை எங்கே பிடித்தீர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்சம் குத்தகை நிலம், வயலில் வேலை இல்லாத மாதங்களில் ரயிலேறி இங்கே வந்து பெயிண்ட் அடிப்பவர். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடித்துவிட்டு டின் அடியில் மிஞ்சுகிற ஆயில் பெயிண்டை எல்லாம், "பாய்க்கு ஆகும்" என்று உங்களிடம் கொண்டுவந்து தருவார். யாராவது சுவருக்கு ஆயில் பெயிண்ட் அடிப்பார்களா? நீங்கள் அடித்தீர்கள். கூடம் நீலம், அடுப்படி மஞ்சள், முற்றத்தைப் பார்த்த அறை பச்சை, கடைசி அறை மாதுளைச் சிவப்பு. அந்தச் சிவப்பும் டின் தீர்ந்துபோனதால் ஒரு சுவரில் பாதியோடு நின்றுவிட்டது. மீதிக்கு டின் வரும் வரும் என்று கடைசிவரை காத்திருந்தீர்கள்.

கட்டிலுக்கும் ஒரு இடம் கிடையாது. ஒரு வாரம் நீலத்தில், ஒரு வாரம் பச்சையில், திடீரென்று ஒருநாள் அடுப்படியில் மஞ்சளுக்கு நடுவே படுத்திருப்பீர்கள். "வீட்டுக்குள்ளயே எதுக்கு காக்கா இந்த அலைச்சல்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேம்ப்ல பத்தொம்பது வருஷமும் ஒரே கட்டில், ஒரே சுவரு புள்ள. கண்ண முழிச்சா எந்த வருஷம்னே தெரியாது. எல்லா நாளும் ஒரே நாள்தான். இங்க முழிச்ச உடனே தெரியுது பாரு, வீட்ல இருக்கேன்னு."

காதில் வாங்கினேன். மனசில் வாங்கவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது காக்கா. அதுதான் உண்மை. கல்யாணமும் வேண்டாம் என்றீர்கள், ஊரில் வீடும் வேண்டாம் என்றீர்கள், வந்தவர்களுக்கெல்லாம் இந்தச் சுவர்களைச் சுற்றிக் காட்டினீர்கள். வெளியூரிலிருந்து பெரிய கோயில் பார்க்க வந்த யாரோ இரண்டு பேர் வழி தவறி உள்ளே வந்து, வாயைப் பிளந்துகொண்டு போட்டோ எடுத்தபோது உங்களுக்கு எவ்வளவு பெருமை! எனக்கு அந்த போட்டோ ஊருக்கு வந்து சேர்ந்துவிடக் கூடாதே என்று பயம். அடுத்தவர்கள் பைத்தியக்கார வீடு என்று சொல்லும் முன்பு நானே சொல்லிச் சிரித்துவிடுவேன். அப்படிச் சிரித்தால் என்மேல் ஒட்டாது என்று நினைப்பு.

அப்புறம் ஆஸ்பத்திரி. மூன்று வாரம். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, பக்கத்துல இருந்து பாத்துக்குங்க" என்று டாக்டர் சொன்ன விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? உங்களைப் பார்க்க முத்துப்பேட்டையே திரண்டு வரும், இந்தச் சுவர்களைப் பார்க்கும் என்று நினைத்தேன். என் காக்கா சாகப் போகிறார் என்பது அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

நானே கடைக்குப் போய், கலர் அட்டையைப் புரட்டிப் புரட்டி, ஒரு மரியாதையான க்ரீம் கலரைத் தேர்ந்தெடுத்து இரண்டு டின் வாங்கி வைத்தேன். செல்வராஜை வரச் சொன்னேன். நாலு அறையையும் காட்டி, மொத்தமும் க்ரீம் என்றேன். அவர் பிரஷ்ஷைக் கையில் எடுக்கவே இல்லை.

"அக்கா, பாய்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?"

"ஆஸ்பத்திரியில கெடக்குறவர்ட்ட போயி கலரக் கேப்பாங்களா?"

"இல்லக்கா, வந்து பாத்தாருன்னா..."

"பாத்தா சந்தோஷப்படுவாரு. வீடு வீடா இருக்கும். அடிங்க."

மூன்றாவது தடவையும் கேட்டார். "செல்வராஜு, நீங்க அடிக்கிறீங்களா, வேற ஆளக் கூப்பிடவா?" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற ஆள் வேணாங்க்கா. நானே அடிச்சிடுறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க, இங்க நிக்காதீங்க" என்றார். இரண்டே நாளில் முடித்துவிட்டார். தலைகளை நானே கழற்றிப் பத்தாயத்துக்குள் போட்டேன்.

ஆம்புலன்ஸ் சந்துக்குள் வரவில்லை. ஒற்றைக் கை ஈஸிசேரில் உங்களை உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். கூடத்தில் இறக்கியதும் சுவரைப் பார்த்தீர்கள். உத்திரத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்றீர்கள். ஆயுசு முழுக்க என்னைப் புள்ள என்றுதான் கூப்பிட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு மட்டும், யாரோ ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர் மாதிரி, "நல்லாருக்கும்மா."

ஒன்பது நாள். காலையில் தெளிவாக இருப்பீர்கள், கஞ்சி குடிப்பீர்கள், என் கஞ்சியில் உப்பு இல்லை என்று கிண்டல் செய்வீர்கள். மத்தியானம் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் வேறு ஆளாகிவிடுவீர்கள். கண்ணைத் திறந்து எதிர்ச்சுவரையே பார்ப்பீர்கள். பிறகு எழுந்திருக்கப் பார்ப்பீர்கள்.

"பஸ் வந்துடுச்சா?"

"எந்த பஸ் காக்கா?"

"நேரமாச்சு. ஃபோர்மேன் கத்துவான். என் பூட்ஸ் எங்க?"

மருந்து மயக்கம், பேச்சுக்குப் பேச்சு கொடுத்துச் சமாளியுங்கள் என்றார்கள். நானும் சமாளித்தேன். "வந்துரும் காக்கா. நீங்க தூங்குங்க. பஸ் வந்தா நான் எழுப்புறேன்" என்றேன். ஒருநாள் அல்ல, தினமும். நீங்கள் நம்பிக்கொண்டு கண்ணை மூடுவீர்கள், ஆனால் கால் மட்டும் கட்டிலுக்கு வெளியே, இறங்கத் தயாராக இருக்கும். ஒன்பதாம் நாள் சாயங்காலம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் அப்படியே போய்விட்டீர்கள்.

வந்தவர்கள் எல்லோரும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "ஹாஜா வீடு இப்பத்தாம்மா வீடாட்டம் இருக்கு" என்றார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

நாற்பதாம் நாள் கழிந்து உங்கள் துணிகளைக் கொடுக்கலாம் என்று ஸ்டூல் போட்டுப் பத்தாயத்துக்குள் குனிந்தேன். பொம்மைத் தலைகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் ஒரு போட்டோ, சவுதி கேம்ப் அறையில் எடுத்தது. ஆறு பேர், இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள், கீழ்க் கட்டிலில் நீங்கள், இளைஞராக, பூட்ஸ் போட்டுக்கொண்டு. உங்கள் பின்னால் சுவர். க்ரீம். நான் கடையில் அட்டையைப் புரட்டித் தேடி எடுத்த அதே மரியாதையான க்ரீம்.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. எந்தச் சுவரிலிருந்து தப்பித்து ஓடி வந்தீர்களோ அதே சுவரைக் கடைசி ஒன்பது நாளுக்கு உங்கள் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். அதோடு விட்டேனா? பஸ் வரும், எழுப்புகிறேன் என்று வாக்கு வேறு கொடுத்திருக்கிறேன். மயக்கம் மருந்தால் வந்ததா, சுவரால் வந்ததா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அன்றிலிருந்துதான் எனக்கு இந்தத் தவிப்பு. இந்தக் க்ரீமைப் பார்க்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. போதாக்குறைக்கு அந்தச் சுவர் மாவாக உதிர ஆரம்பித்தது. சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளை. தினமும் பெருக்கினால் ஒரு முறம் தூள். செல்வராஜைப் போனிலேயே நான் திட்டாத திட்டு இல்லை. என்ன வேலை பார்த்திருக்கிறார், இதற்கு ஒரு பிரஷ் ஒரு ஏணியா என்று அடுத்த வீட்டு அம்மாவிடம் ஒரு வருஷமாகப் புலம்பித் தீர்த்தேன்.

வருஷ நினைவுக்கு ஓதுகிற பாத்திஹாவை முத்துப்பேட்டையில் வைக்கலாம் என்றார்கள். இங்கேதான் வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஏன் நின்றேன் என்று அப்போது எனக்கே தெரியாது. போன வாரம் மாமி ஏற்பாடுகளைப் பார்க்க வந்து சினிமா சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். எழுந்தபோது கறுப்பு புர்கா முதுகு முழுக்க வெள்ளைத் தூள்.

"என்ன புள்ள இது கண்றாவி! அத்தன சனமும் வரப்போவுது, எல்லார் முதுகுலயும் அப்பிக்கவா? ஒழுங்கா ஒரு ஆளப் புடிச்சு மறுபடி அடிச்சு வையி."

உடனே செல்வராஜுக்குப் போன் போட்டேன். "அக்கா, வாய்க்கால்ல தண்ணி வந்துட்டு. நடவு ஓடிக்கிட்டு இருக்கு. முடிச்சிட்டு ஓடியாந்துடுறேன்" என்றார். வைத்துவிட்டார்.

மாமி போன பிறகு, சீட்டுக்குப் பின்னால் அவர் முதுகு பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்தேன். தூளைத் தட்டிவிடலாம் என்றுதான். துடைத்த இடத்தில் ஒரு பொட்டு நீலம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் துடைத்தேன். உள்ளங்கை அகலம். துணியைப் போட்டுவிட்டு நகத்தால் சுரண்ட ஆரம்பித்தேன். நகத்தில் ஏறியது என்ன என்று பார்க்க, சிரிக்காதீர்கள், நாக்கில் வைத்தேன். அறுபது வயதில்! அந்த ருசி எனக்கு மறக்குமா? அது பெயிண்ட் இல்லை காக்கா. சுத்தமான சுண்ணாம்பு.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் பூதலூருக்கு ஏறிவிட்டேன். ஏமாற்றிவிட்டாரே, டின் வாங்கிக் கொடுத்தும் சுண்ணாம்பை அடித்துவிட்டாரே என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனில் விசாரித்து, வாய்க்கால் கரையோடு நடந்து, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வரப்பில் வழுக்கி வழுக்கிப் போய்ச் சேர்ந்தேன். முட்டிவரை சேற்றில் நின்று நாற்றுமுடி வீசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க செல்வராஜு, என் வீட்டுச் சுவத்துல என்னத்த அடிச்சீங்க?"

"எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"தின்னு பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. வரப்பில் ஏறி, கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டு வந்தார்.

"சுண்ணாம்புல கலர்ப்பொடி கலந்துதாங்க்கா அடிச்சேன். நீங்க வாங்கிக் குடுத்த டின் ரெண்டும் மாடிப்படிக்கு அடியில சாக்கப் போட்டு மூடிக் கெடக்கு, பிரிக்கவே இல்ல. ஆயில் பெயிண்ட் மேல சுண்ணாம்பு நிக்காது. நிக்காதுன்னு தெரிஞ்சேதான் அடிச்சேன். வேற ஆள் வந்தா நெசமாவே அடிச்சிட்டுப் போயிருவான். பாய் தேறி எந்திரிச்சா ஈரத்துணியால தொடச்சு எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"அப்ப ஒரு வருஷமா ஏன் வாயத் தொறக்கல? நான் அவ்வளவு திட்டினேனே?"

"பாய் சொல்லக் கூடாதுன்னுட்டாருக்கா."

நீங்கள் வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் காலை, நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் செல்வராஜ் உங்களைப் பார்க்க வந்தாராம். "பாய், மனசு விட்றாதீங்க, உள்ள நீலம் அப்படியே இருக்கு" என்று காதோடு சொன்னாராம். நீங்கள் கையை நீட்டிச் சுவரைத் தொட்டீர்களாம். விரலில் வெள்ளை ஒட்டியதைப் பார்த்துச் சிரித்தீர்களாம். மீதியை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"'ஜுபைதாட்ட சொல்லாதீங்க செல்வராஜு. அவ எனக்காகச் செஞ்சிருக்கா, சொன்னா உக்காந்து அழுவா. அப்படியே விடுங்க. அவ கை சும்மா இருக்காது. என்னைக்காவது ஒருநாள் அவளே சுரண்டிடுவா.' அப்படின்னாருக்கா. சொல்லிட்டு அந்த வெரல மேலுதட்டுல தடவிக்கிட்டாரு. ஏன்னு எனக்குப் புரியல."

எனக்குப் புரிந்தது. அந்த வரப்பிலேயே, ஈரத்தில், தொப்பென்று உட்கார்ந்துவிட்டேன். அழுகை அப்படி வந்தது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்:

"யாரும்மா தவறிட்டது?"

"எங்க அண்ணன்."

"எப்ப?"

"போன வருஷம்."

"போன வருஷத்துக்கா இன்னைக்கு அழுவுற?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அழு" என்று மறுபடி குனிந்துகொண்டார்.

இப்போது சொல்லுங்கள் காக்கா, இதற்கு நான் உங்களோடு சண்டை போடக் கூடாதா? தெரிந்துவைத்துக்கொண்டே ஏன் சொல்லவில்லை? "ஏ புள்ள, என்ன காரியம் செஞ்சு வெச்சிருக்க" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் அன்றைக்கே வாளியும் துணியுமாக இறங்கியிருப்பேனே! கடைசி நாலு நாளாவது நீலத்தில் கண் விழித்திருப்பீர்களே! என் அடியை நீங்கள் வாங்கிக்கொள்வது வாப்பாவோடு போகட்டும், சாகும்போதும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? நான் சுரண்டாமலே இருந்திருந்தால்? மாமி பேச்சைக் கேட்டு வேறு ஆளைப் பிடித்து அடித்திருந்தால்? அவ்வளவு நம்பிக்கையா என் நகத்தின் மேல்?

செல்வராஜ் நடவை இரண்டு நாள் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தார். நானும் அவரும் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு துடைத்தோம். கூடம் முழுக்க நீலம் வந்துவிட்டது. அடுப்படி மஞ்சளும் கடைசி அறைச் சிவப்பும் வந்துவிட்டன. பச்சையில் மட்டும் சில கீறல்களுக்குள் சுண்ணாம்பு புகுந்து உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், நான் செய்ததற்கு அடையாளமாக. அந்த இரண்டு டின்னையும் செல்வராஜ் மாட்டுக்கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்று மாமி போன் செய்தார். "அடிச்சாச்சா?"

"எல்லாத்தையும் தொடச்சு எடுத்தாச்சு மாமி. பழைய கலரே இருக்கட்டும்."

"அந்தத் தலைங்க?"

"மாட்டியாச்சு. ஹஜ்ரத் ஓதும்போது மட்டும் ஒரு துணியப் போட்டு மூடிடுறேன். நீங்க வாங்க மாமி, மலக்குமாரும் வருவாங்க."

மாமி பெருமூச்சு விட்டார். "அவன மாதிரியே பேசுறியே புள்ள" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

வாக்குக் கொடுத்து ஒருமுறை உங்களை ஏமாற்றிவிட்டேன். அதனால் இந்த முறை என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டை விற்க மாட்டேன், மூடிப் போடவும் மாட்டேன். வெள்ளிக்கிழமை வருகிற அத்தனை பேரையும், நீங்கள் செய்தது போலவே, அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய் நானே காட்டுவேன். பாதியில் நின்ற சிவப்புச் சுவருக்கு டின் வருகிற வரை காத்திருப்பேன். கட்டிலை ஒரே இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் விட மாட்டேன். இன்று காலை நான் கண் விழித்தது மஞ்சளில்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. ஒன்பது நாளும் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒன்பது நாளும் தப்பான பதில் சொன்னேன். இந்த நீலச் சுவரைத் தொட்டுக்கொண்டு இப்போது சரியான பதிலைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் வரவில்லை காக்கா. இனி வரவும் வராது. பூட்ஸைத் தேட வேண்டாம், காலை மேலே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

நகக்கண்ணெல்லாம் வெள்ளையாக,
உங்கள் தங்கச்சி
ஜுபைதா